கிளாசிக்கல் கிட்டாரில் பிரிட்ஜ் பின்பக்கம் எழும்பியிருக்கிறது, என்ன செய்யலாம்?

வைகைக்கரை:

வணக்கம். வீட்டில் ஒரு கிளாசிக்கல் கிட்டார் இருக்கிறது. என் அண்ணன் இருபது வருஷத்துக்கு முன் வாங்கியது, ஸ்பெயினில் செய்தது, மேல் பலகை ஸ்ப்ரூஸ் மரம், முதுகும் பக்கமும் ஈட்டி மரம் (ரோஸ்வுட்). இப்போது அதில் என் மகள் பழகுகிறாள். ஒன்பதாம் வகுப்பு, டிசம்பரில் டிரினிட்டி கிரேடு இசைத் தேர்வு இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் "அப்பா, இங்க ஒரு கருப்புக் கோடு தெரியுது பாருங்க" என்றாள். கம்பிகளைக் கட்டும் மரத்துண்டு இருக்கிறதே, அந்தப் பிரிட்ஜின் பின் விளிம்பு பலகையை விட்டு எழும்பியிருக்கிறது. பஸ் டிக்கெட்டை நுழைத்துப் பார்த்தேன், தடித்த கம்பிகள் பக்கம் 6, 7 மில்லிமீட்டர் உள்ளே போகிறது, மெல்லிய கம்பிகள் பக்கம் 2 மில்லிமீட்டரோடு நின்றுவிடுகிறது. முன் விளிம்பு ஒட்டித்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் முன்பு உறவுக்காரப் பையன் ஒருவன் கல்லூரி விழாவுக்கு இதை வாங்கிக்கொண்டு போய், சத்தம் பத்தவில்லை என்று ஸ்டீல் கம்பி மாட்டி, இரண்டு மாதம் அப்படியே வைத்திருந்தான். அதனால் வந்ததா என்று தெரியவில்லை.

இங்கே கடையில் காட்டினேன். பிரிட்ஜில் இரண்டு துளை போட்டு போல்ட் இறக்கி உள்ளே நட்டு முடுக்கிவிட்டால் ஜென்மத்துக்கும் எழும்பாது என்கிறார்கள். பக்கத்துத் தெரு ஆசாரி, இடைவெளியில் இன்ஸ்டன்ட் பசை நாலு சொட்டு விட்டு அமுக்கினால் போதும் என்கிறார். எனக்கு இரண்டுமே மனசுக்கு ஒப்பவில்லை. அண்ணன் இப்போது இல்லை, அவர் வாசித்த கிட்டார், கெடுத்துவிடக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தேர்வு வரைக்கும் இப்படியே வாசித்துக்கொண்டு அப்புறம் பார்க்கலாமா?

பட்டறைக்காரர்:

சார், படித்தவுடனே ஒரு வேலை செய்யுங்கள், ஆறு கம்பியையும் தளர்த்திவிடுங்கள். ஒரு சுருதி இறக்குவதெல்லாம் போதாது, கம்பி தொளதொள என்று தொங்க வேண்டும். அடுத்த விஷயமெல்லாம் அதற்கப்புறம்தான். தேர்வு வரைக்கும் ஓட்டுவது வேண்டவே வேண்டாம். 7 மில்லிமீட்டர் திறந்திருக்கிறது என்றால் மிச்சமிருக்கும் பசைதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது, என்றைக்காவது ஒரு நாள் ஒரே நொடியில் பிடுங்கிக்கொண்டு வரும், வரும்போது பலகையின் மரத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். இப்போது விட்டிருப்பது பசை மட்டும். மரம் கிழியவில்லை. உங்கள் மகள் நல்ல நேரத்தில் பார்த்திருக்கிறாள்.

ஏன் பின்பக்கம் மட்டும் எழும்புகிறது என்று கேட்பீர்கள். வீணையில் குதிரை என்கிறோமே, அந்த வேலையைத்தான் இந்தப் பிரிட்ஜும் செய்கிறது, ஆனால் வீணையில் கம்பியின் முனை நாகபாசத்தில் கட்டப்பட்டிருக்கும், குதிரையைக் கம்பி கீழ்நோக்கி அமுக்கும், அவ்வளவுதான். கிளாசிக்கல் கிட்டாரில் கம்பியை பிரிட்ஜிலேயே முடிச்சுப் போடுகிறோம். இழுவை முழுக்க அந்த ஒட்டின மரத்துண்டின் மேல்தான். கம்பி பலகைக்கு மேலே 10, 12 மில்லிமீட்டர் உயரத்தில் போவதால் அது பிரிட்ஜை முன்பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கிறது, முன் விளிம்பு அமுங்கும், பின் விளிம்பு எழும்பும். நைலான் கம்பி ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும். ஸ்டீல் கம்பி என்றால் 70 கிலோவைத் தொடும், அதற்கு மேலும் போகும். உங்கள் கிட்டார் 40க்காகச் செய்யப்பட்டது. இந்த அமைப்பே ஆட்டுக்குடல் நரம்புக்காக உருவானது, அல்மேரியாவில் இருந்த அந்தோனியோ தெ தோர்ரெஸ் 19ஆம் நூற்றாண்டில் கிட்டாருக்குக் கொடுத்த வடிவத்தைத்தான் இன்றைக்கும் செய்கிறார்கள், நைலான் வந்ததே 1940களில்தான். மெல்லிய பலகை, உள்ளே விசிறி மாதிரி விரிந்த மெல்லிய சட்டங்கள், அதன் மேல் ஸ்டீல் கம்பி. இரண்டு மாதம் தாங்கியதே அந்தக் கிட்டாரைச் செய்தவரின் கைவேலைக்குச் சாட்சி.

கம்பியைத் தளர்த்திவிட்டு இரண்டு விஷயம் பாருங்கள். செல்போன் வெளிச்சத்தை உள்ளே விட்டு, சின்னக் கண்ணாடி ஒன்றை சவுண்ட் ஹோல், அதாவது பலகையின் வட்டத் துளை வழியாக நுழைத்து, பிரிட்ஜுக்கு நேர் கீழே அந்த விசிறிச் சட்டங்கள் ஏதாவது விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் விரல் கணுவால் பலகையை மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள், எங்காவது ஓட்டைப் பானை மாதிரி சடசடத்தால் அங்கே சட்டம் விட்டிருக்கிறது என்று அர்த்தம். பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை லேசாக உப்பியிருந்தால் பயப்படாதீர்கள், கொஞ்சம் உப்பல் செய்யும்போதே வைப்பதுதான்.

போல்ட் வேண்டாம். ஏன் என்று இரவு எழுதுகிறேன், இப்போது கையில் வேலை இருக்கிறது.

கீரவாணி:

அண்ணா, இன்ஸ்டன்ட் பசை பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தப்பை நான் செய்தேன். என்னுடையது விலை குறைந்த கிட்டார்தான், சீடர் மேல் பலகை, இதே மாதிரி பின்பக்கம் திறந்தது. ஊசி மூக்கு வைத்த குப்பியால் உள்ளே விட்டு, மேலே ரெண்டு தடி அகராதியை வைத்து ஒரு நாள் விட்டேன். நன்றாகப் பிடித்தது. எட்டு மாதம் எந்தப் பிரச்சினையும் இல்லை. அப்புறம் ஒரு ராத்திரி எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது டப்பென்று ஒரு சத்தம், தேங்காய் விழுந்த மாதிரி. போய்ப் பார்த்தால் பிரிட்ஜ் கம்பியில் தொங்குகிறது. அதன் அடியில் சீடர் மரம் ஒரு தீக்குச்சி கனத்துக்கு உரிந்து வந்திருந்தது, நார் நாராக, தேங்காய்மட்டையைக் கிழித்தால் இருக்குமே அந்த மாதிரி. பலகையில் அதே அளவுக்குப் பள்ளம்.

சரிசெய்யக் கொடுத்தபோது அவர் காட்டினார், நான் விட்ட பசை மரத்தின் துளைகளுக்குள் இறங்கிக் கண்ணாடி மாதிரி இறுகிப் போயிருந்தது, அதன் மேல் வேறு எந்தப் பசையும் பிடிக்காது. அதை முழுக்கச் சுரண்டி எடுத்து, பள்ளத்துக்குப் புது மரம் வைத்து இழைத்து, அப்புறம்தான் பிரிட்ஜை ஒட்ட முடிந்தது. கிட்டாரின் விலையில் பாதி செலவு. தயவுசெய்து ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள்.

பட்டறைக்காரர்:

கீரவாணி சொன்னது அத்தனையும் சரி. சிலர் மர வேலைக்கு விற்கும் வெள்ளைப் பசையை நுழைக்கச் சொல்வார்கள், அதுவும் இங்கே ஆகாது. தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கொடுக்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். எந்தப் பசையானாலும் இடைவெளியில் விடுவதில் ஒரு அடிப்படைக் கோளாறு இருக்கிறது: உள்ளே பழைய பசையும் தூசியும் கிடக்கிறது, நீங்கள் ஒட்டுவது அதன் மேல், மரத்தின் மேல் அல்ல.

போல்ட் விஷயம். கிளாசிக்கல் பிரிட்ஜ் கைக்கு எடுத்தால் கனமே தெரியாது, இருபது கிராம் சுற்றித்தான் இருக்கும். கம்பியின் அதிர்வைப் பலகைக்குக் கொண்டுபோவது அது, அதில் இரும்பை ஏற்றினால் சத்தம் மங்கும். அதுகூடப் பரவாயில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகை மழைக்காலத்தில் விரியும், ஏசி அறையில் சுருங்கும், போல்ட் இரண்டு இடத்தில் இறுக்கிப் பிடித்திருந்தால் அந்த அசைவு பலகையைத் துளையோரமாகப் பிளக்கும். விளிம்பு எழும்புவதும் நிற்காது, ஏனென்றால் போல்ட் பிடிப்பது இரண்டு புள்ளியில், நமக்கு வேண்டியது முழு அடிப்பரப்பும் பிடிப்பது.

ஆக, பிரிட்ஜை முழுக்கக் கழற்றி, மரத்துக்கு மரம் ஒட்ட வேண்டும். முதல் தடவை செய்பவர் ஒரு மலிவுக் கிட்டாரில் கை பழகிவிட்டுச் செய்வது நல்லது. உங்களுடையது அண்ணனுடைய கிட்டார் என்கிறீர்கள், பொறுமையான தச்சர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இரண்டு பேருமாகச் செய்யுங்கள். நான் செய்கிற விதம் இது.

கம்பியைக் கழற்றி, சேடிலை (பிரிட்ஜின் மேல் கம்பிகள் ஏறிப்போகும் மெல்லிய பட்டை) உருவி எடுத்துவிடுவேன், பிளாஸ்டிக் சேடில் என்றால் சூட்டில் உருகிவிடும். பிரிட்ஜைச் சுற்றி விளிம்பை ஒட்டினாற்போல் மாஸ்கிங் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துக்கொள்வேன். இது ரொம்ப முக்கியம், பிரிட்ஜ் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே போனால் சுருதி தப்பிவிடும். உங்கள் கிட்டாரின் கம்பி நீளம் 650 மில்லிமீட்டர் அளவாக இருந்தால் மேல் நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பட்டை) 12ஆவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) 325, அங்கிருந்து சேடிலுக்கு 325க்கு மேல் ஒன்றோ ஒன்றரையோ கூட இருக்கும், அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி ஏறுவதற்கு அந்தக் கூடுதல்தான் ஈடு. அந்த அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சேடில் உட்காரும் பள்ளத்துக்குள் இரண்டு ஓரத்திலும் ஒன்றரை மில்லிமீட்டர் ட்ரில் பிட்டால் பலகை வரைக்கும் சின்னத் துளை போட்டுவிட்டால் இன்னும் நல்லது. ஒட்டும்போது அதில் இரண்டு குச்சி செருகினால் ஈரப் பசையில் பிரிட்ஜ் வழுக்காது, சேடில் உட்கார்ந்ததும் துளை வெளியே தெரியாது.

அப்புறம் சூடு. அட்டையில் பிரிட்ஜ் அளவுக்கு வெட்டி எடுத்து, மேலே அலுமினியத் தாள் சுற்றி, பலகையை மூடிவிடுங்கள், வார்னிஷ் பொங்கக் கூடாது. பிரிட்ஜின் இரண்டு ஓரத்திலும் நீண்டிருக்கும் இறக்கையிலும் ஒரு தட்டையான இரும்புப் பட்டையை வைத்து அதன் மேல் இஸ்திரிப் பெட்டி, நடுத்தரச் சூடு, ஐந்தாறு நிமிஷம். பசை 65, 70 டிகிரியைத் தாண்டினால் இளகத் தொடங்கும். பெயின்டர் பட்டி பார்க்கும் தகட்டை விளிம்பு மழுங்கடித்து, அதையும் லேசாகச் சூடாக்கி, ஏற்கெனவே திறந்திருக்கும் மூலையில் நுழையுங்கள். நெம்பவே கூடாது. தகடு தானாக வெண்ணெயில் போகிற மாதிரி போக வேண்டும், போகவில்லையென்றால் இன்னும் சூடு பத்தவில்லை என்று அர்த்தம். சில பலகையில் மர ரேகை மேற்பரப்புக்குச் சாய்வாக ஓடும், அப்போது தகடு பசையை விட்டு மரத்துக்குள் இறங்கப் பார்க்கும், கையில் அது தெரியும், உடனே உருவி எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். அரை மணி ஆனாலும் ஆகட்டும்.

கழன்றதும் பழைய பசையை வெந்நீர்த் துணியால் ஊறவைத்துத் தட்டை உளியால் சுரண்டுங்கள். பலகையில் உப்புத்தாள் போடாதீர்கள், ஓரம் உருண்டுவிடும், அந்த ஓரம்தான் முதலில் எழும்புகிற இடம். பிரிட்ஜின் அடியை மட்டும் பலகையின் வளைவுக்குச் சரிப்படுத்தலாம், இருபது வருஷத்தில் பலகை மாறியிருக்கும். பசை இல்லாமல் வைத்துக் கிளாம்ப் போட்டு ஒத்திகை பாருங்கள், சுற்றிலும் பஸ் டிக்கெட் நுழையக் கூடாது. அது வந்தால்தான் பசையை எடுக்க வேண்டும்.

பிரிட்ஜ் ஈட்டி மரமாகத்தான் இருக்கும். நீலகிரி, வயநாடு, குடகுப் பக்கம் வளர்கிற அதே ஈட்டிதான், பிரேசில் ரோஸ்வுட்டுக்கு 1992இல் உலக வணிகத் தடை வந்தபின் ஸ்பெயின் பட்டறைகளிலும் இதுவே அதிகம். அதில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குக் கொஞ்சம் முன்புதான் அடிப்பக்கத்தைச் சுரண்டிப் புது மரம் காட்டி, அசிட்டோன் தொட்ட துணியால் ஒரு துடை துடைக்க வேண்டும். முந்தின நாள் சுரண்டி வைத்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

தச்சன்மகன்:

ஐயா எழுதியதில் பசை எது என்று மட்டும் வரவில்லை, அதனால் நான் ஒட்டிக்கொள்கிறேன். என் அப்பா காலத்தில் மரத்துக்கு வஜ்ரம்தான். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது, சின்னச் சின்ன மணியாகவோ பாளமாகவோ கிடைக்கும், ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் ஜெல்லி மாதிரி இருக்கும், அதை வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு கிண்ணம் வைத்து 60 டிகிரி அளவில் இளக்க வேண்டும், கொதிக்கவிட்டால் பலம் போய்விடும். தோர்ரெஸ் காலத்தில் கிட்டார் செய்தவர்களிடமும் மிருகப் பசைதான் இருந்தது. காய்ந்தால் கல் மாதிரி ஆகும், இழுவைக்கு நகராது, பிற்பாடு யாராவது பழுதுபார்க்க வேண்டியிருந்தால் சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். எனக்கு இதைவிட நல்ல பசை தெரியாது. ஆனால் தடவி ஒரு நிமிஷத்துக்குள் கிளாம்ப் இறங்கியாக வேண்டும், ஆறிவிட்டால் பிடிக்காது. மதுரைச் சூட்டில் ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்தால் கூட ஒரு நிமிஷம் கிடைக்கும்.

கை பழகாதவர் டைட்பாண்ட் ஒரிஜினல், அந்த மஞ்சள் பசையை எடுப்பதே நல்லது. நாலைந்து நிமிஷம் அவகாசம் தரும். எபாக்ஸி வேண்டாம், அடுத்த முறை கழற்றுபவர் அழுவார்.

கிளாம்ப் மூன்று வேண்டும், சவுண்ட் ஹோல் வழியாகப் போகிற நீளக் கழுத்து உள்ளது. உள்ளே விசிறிச் சட்டங்கள் இருப்பதால் அவை உட்காரப் பள்ளம் வெட்டிய ஒரு மரக்கட்டையைத் தாங்கலாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டம் நசுங்கும். வழிகிற பசையை ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள். 24 மணி நேரம் கிளாம்ப்பில், அப்புறம் இரண்டு நாள் சும்மா. அதற்கு முன் கம்பி மாட்டாதீர்கள்.

சோலைக்குயில்:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என்னிடம் இருப்பது ஃபிளமெங்கோ கிட்டார், சைப்ரஸ் மரம். பிரிட்ஜின் ஒரு முனை மட்டும் முடி அளவுக்கு விட்டிருக்கிறது. இதே முறைதானா?

பட்டறைக்காரர்:

முறை அதேதான், ஒரு எச்சரிக்கை மட்டும். தட்டுவதற்காகப் பலகையில் ஒட்டியிருக்கும் அந்தக் கண்ணாடித் தாள், கோல்பியதோர், பிரிட்ஜுக்குப் பக்கம் வரைக்கும் வந்திருக்கும், சூடு பட்டால் சுருண்டு பலகையின் வார்னிஷையும் இழுத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் அட்டை இரண்டு மடங்கு வையுங்கள். ஃபிளமெங்கோவில் கம்பி பலகைக்கு மேல் 7, 8 மில்லிமீட்டர்தான் நிற்கும், அதனால் கவிழ்க்கும் விசை குறைவு. அப்படியிருந்தும் விட்டிருக்கிறது என்றால் கிட்டார் எங்கே வைக்கப்பட்டது என்று யோசியுங்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விட்டிருந்தால் அதுவே போதும்.

தச்சன்மகன் பசை பற்றி எழுதியதற்கு நன்றி, வஜ்ரம் என்ற சொல்லைக் கேட்டே வெகுநாள் ஆகிறது.

வைகைக்கரை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் முதலில் நன்றி. பழைய கிட்டார் ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கி அதன் பிரிட்ஜை இரண்டு தடவை கழற்றி ஒட்டிப் பழகினோம், நானும் அதே பக்கத்துத் தெரு ஆசாரியும். நீங்கள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, சரி, நானே வருகிறேன் என்றார்.

அண்ணனுடைய கிட்டாரில் பிரிட்ஜ் நாற்பது நிமிஷத்தில் வந்தது, ஒரு நார்கூட கிழியவில்லை. திருப்பிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. பிரிட்ஜ் உட்கார்ந்திருந்த இடத்தில் நடுவில் மட்டும் வெள்ளை மரம், சுற்றிலும் 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு வார்னிஷ் அப்படியே பளபளவென்று இருக்கிறது. அதாவது செய்தபோதே வார்னிஷை ஓரம் வரைக்கும் எடுக்காமல் அதன் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். பின் விளிம்பில் மரத்துக்கு மரம் ஒட்டவே இல்லை, இருபது வருஷமும் நடுப்பகுதிதான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஸ்டீல் கம்பி போட்டபோது அது தளர்ந்திருக்க வேண்டும். அந்தப் பையன் மேல் இரண்டு வருஷமாக வைத்திருந்த கோபம் பாதியாகக் குறைந்தது.

பிரிட்ஜின் ஓரத்தைக் கத்தி முனையால் கீறி, அந்த வார்னிஷ் பட்டையை ஆசாரி உளியால் சுரண்டி எடுத்தார், விளிம்புக்கு அரை மில்லிமீட்டர் உள்ளே வரைக்கும். மஞ்சள் பசைதான் போட்டோம். உள்ளே சட்டங்கள் எல்லாம் கெட்டியாக இருக்கின்றன. நாலு நாள் கழித்து, நேற்றுச் சாயங்காலம் புது நைலான் கம்பி, நார்மல் டென்ஷன் (சாதாரண இழுவை) வகை. 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் தடித்த கம்பி 4 மில்லிமீட்டர் உயரத்தில், மெல்லியது 3, முன்பு இதைவிட உயரமாக இருந்தது, கை வலிக்கிறது என்பாள். வாசித்துப் பார்த்துவிட்டு, பாஸ் கம்பி இவ்வளவு நேரம் நிற்குமா என்று கேட்டாள்.

ஒரே சந்தேகம். முதல் கம்பி முடிச்சு இரண்டு தடவை நழுவிவிட்டது. எப்படிக் கட்டுவது?

பட்டறைக்காரர்:

படித்ததும் மனசு நிறைந்தது சார். வார்னிஷ் மேல் ஒட்டிய பிரிட்ஜ் என் பட்டறைக்கு மாதம் ஒன்றாவது வரும், காரணத்தைக் கண்ணால் பார்த்தபின் ஒட்டினீர்கள், இனி அந்த இடம் நிற்கும்.

முதல் கம்பியை மூன்று சுற்று சுற்றுங்கள், மற்ற மெல்லிய கம்பிகளுக்கு இரண்டு, தடித்த கம்பிக்கு ஒன்று போதும். கடைசிச் சுற்று, பிரிட்ஜில் கம்பி கட்டும் கட்டையின் பின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கி இருக்க வேண்டும், மேலேயே நின்றால் நழுவும். முனையை லைட்டர் சூட்டில் காட்டிச் சின்னக் குமிழ் ஆக்கிவிட்டால் இன்னும் பத்திரம், கிட்டாரில் மாட்டுவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகையின் மேல் ஒரு அட்டைத் துண்டை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் கம்பி நழுவினால் அதன் முனை சாட்டை மாதிரி பலகையில் அடித்துக் குழி விழும், ஸ்ப்ரூஸ் மெத்தென்ற மரம்.

வைகைக்கரை:

அட்டை வைத்தாயிற்று. மூன்று சுற்றில் நிற்கிறது.